தை ஐந்தாம் நாள் மணலூர்பேட்டையில்

திருவண்ணாமலையிலிருந்து தியாகதுருகம் நோக்கித் தெற்கே வரும் சாலை, தென்பெண்ணையாற்றைக் கடக்குமிடத்தில் மணலூர்பேட்டை அமைந்துள்ளது. அரசு ஏடுகளில் அது ஒரு பேரூராட்சி. கண்ணுக்கு ஒரு பெரிய கிராமம். முன்பு தென்னார்க்காடு, 1993 முதல் விழுப்புரம், 2019 முதல் கள்ளக்குறிச்சி என மூன்று மாவட்டங்களின் பெயரைத் தாங்கிவிட்ட போதிலும், அவ்வூராருக்கு முகவரி என்னவோ ஒன்றுதான்: ஆற்றங்கரை. வானம் தெளிந்த காலைப்பொழுதில் வடக்கே அண்ணாமலையின் முகடு தெரியும். தென்மேற்கே, மிகத் தொலைவில், கல்வராயன் மலைத்தொடர் நீலக்கோடாய்ப் படுத்திருக்கும். கிழக்கே சிறிது தூரம் சென்றால் திருக்கோவலூர்.

கருநாடகத்து நந்தி மலைப் பகுதியில் பிறக்கும் தென்பெண்ணை, ஓசூர், கிருஷ்ணகிரி வழியாக இறங்கி, 1958ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற சாத்தனூர் அணையில் சற்றுத் தங்கி, மணலூர்பேட்டையையும் திருக்கோவலூரையும் தொட்டுக்கொண்டு, கடலூருக்கு அருகே வங்கக் கடலில் கலக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி அது நீரோடும் ஆறன்று; மணலோடும் ஆறு. அதை நம்பி அலட்சியமாய் இருந்துவிடவும் இயலாது. 2024ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் விடியற்காலையில், ஃபெஞ்சல் புயல் மழையால் சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1,68,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டபோது, நான்கு மாவட்டங்களின் கரையோர மக்கள் அந்த ஆற்றின் மறுமுகத்தைக் கண்டார்கள். அப்படிப்பட்ட இரவில் மேட்டில் இருப்பவன் பள்ளத்தில் உறங்குபவனை எழுப்புவதற்குக் கைப்பேசியைப் போன்ற உற்ற நண்பன் வேறில்லை. இதனை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். பின்னால் நான் எழுதப்போவதைப் படித்துவிட்டு, இந்தக் குருவானவர் கைப்பேசிக்கே பகைவர் போலும் என்று யாரும் எண்ணிவிடலாகாது.

தென்பெண்ணைக் கரை நெடுகிலும் தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழா நடைபெறும். பொங்கலின் களைப்பு நீங்கிய மறுநாளோ அதற்கடுத்த நாளோ என்று கொள்ளலாம். அன்று மணலூர்பேட்டைக்குச் சுற்றுவட்டாரத்து ஊர்களிலிருந்தெல்லாம் தெய்வத் திருவுருவங்கள் புறப்பட்டு வரும். திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையாரும் வருவார். மாட்டு வண்டியில் வந்த காலம் போய் இப்போது டிராக்டரில் வருகின்றன. ஆற்று மணலில் பந்தல்கள் எழும். வளையல், பலூன், மண்பாண்டம், கரும்பு, பொரி, சிறுவள்ளிக்கிழங்கு என்று ஒரு நாள் நகரம் ஒன்று மணலில் முளைத்து, இரவுக்குள் மறைந்து போகும்.

இத்திருவிழாவின் உயிர்நிலை தீர்த்தவாரி. நம் வாசகர்களுள் சிலருக்கு இச்சொல் புதிதாயிருக்கலாம். திருவுருவத்தை ஆற்றங்கரைக்கு எடுத்துவந்து, இறைவனின் அடையாளமாகிய சூலத்தை நீரில் அமிழ்த்துவார்கள். சூலம் மூழ்கும் அதே நொடியில், கூடியிருக்கும் மக்களும் நீரில் மூழ்குவார்கள். முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை; அதே நொடியில். அதற்காகவே நாற்பது கல் தொலைவிலிருந்தும் வருகிறார்கள். நான் வழிபடச் சென்றவனல்லன், பார்க்கச் சென்றவன். எனினும் ஆயிரக்கணக்கானோர் ஒரே மூச்சில் நீருக்குள் தாழ்ந்து எழும் அக்காட்சியைக் கண்டு, அயலார் நம்பிக்கையாயிற்றே என்று ஒதுங்கி நிற்க எனக்கு மனம் வரவில்லை. பிற சமயங்களில் உள்ள உண்மையும் தூய்மையுமான எதையும் திருச்சபை புறக்கணிப்பதில்லை என்று 1965ஆம் ஆண்டிலேயே இரண்டாம் வத்திக்கான் சங்கம் நமக்குக் கற்பித்திருக்கிறது.

முதன்முதலில் நான் அங்குச் சென்றது 1998ஆம் ஆண்டில். குருப்பட்டம் பெற்ற புதிது. தமிழாசிரியராய் இருந்த நண்பர் ஒருவர் அழைத்துச் சென்றார். அன்று ஆற்றில் முழங்காலளவு நீரே இருந்தது. நீரற்ற ஆண்டுகளில் மணலில் ஊற்றுத் தோண்டிச் செய்வதும் உண்டு என்றார். மேளம் ஓங்கி, சட்டென்று நின்றது. அந்த நிசப்தம் இன்னும் என் செவியில் இருக்கிறது. பிறகு ஒரு குரல். அதைத் தொடர்ந்து கூட்டம் முழுவதும் தலைக்குமேல் கை குவித்தது. என் முன்னால் குவிந்த கைகளின் இடுக்கு வழியே ஆறு தெரிந்தது. குவித்த கை ஒடுங்கிய கை. அது பின்னால் நிற்பவனை மறைப்பதில்லை. அடுத்த நொடி அக்கைகளும் தலைகளும் நீருக்குள் சென்றுவிட்டன. என் கண்முன்னே ஆறு முழுவதும் வெறுமையாய்த் திறந்து கிடந்தது. உடனே மீண்டும் மனிதரால் நிரம்பிற்று.

2024ஆம் ஆண்டுத் தையில் மறுபடி சென்றேன். அதே நண்பர்தான், ஓய்வு பெற்றுவிட்டார், கையில் ஊன்றுகோல். கூட்டம் முன்னிலும் பெரிது. மேளம் ஓங்கிற்று, நின்றது. ஆனால் நிசப்தம் வரவில்லை. "வந்துட்டாங்க, வந்துட்டாங்க, லைவ் போடு" என்று ஒரு குரல். எங்கோ ஒரு சினிமாப் பாட்டு அழைப்பு மணியாய் ஒலித்தது. கைகள் உயர்ந்தன. குவிந்த கைகளல்ல. ஒவ்வொரு கையிலும் கண்ணாடிச் சதுரம். ஒவ்வொரு சதுரத்துக்கும் பக்கத்தில் அகன்ற முழங்கை. என் முன்னால் ஆறு இல்லை. ஆற்றின் நூறு சிறு படங்கள் இருந்தன.

எனக்கு முன்னால் நின்ற மூதாட்டி ஒருத்தியைச் சொல்ல வேண்டும். மஞ்சள் புடவை, இடுப்பில் ஒரு துணிமூட்டை. முன்னால் நின்ற இளைஞனின் முதுகைத் தட்டி, "தம்பி, கைய கொஞ்சம் எறக்கேன்பா. கெழவிக்கு ஒண்ணும் தெரியலியே" என்றாள். அவன் கெட்டவனல்லன். "ஒரு நிமிஷம் பாட்டி, முடிஞ்சிடும்" என்றான். முடிந்தும் விட்டது. அந்த ஒரு நிமிடத்திற்காகத்தான் அவள் விடியலில் புறப்பட்டு வந்திருக்கிறாள் என்பது அவனுக்குத் தோன்றவில்லை. ஆற்றிலிருந்து கூச்சல் எழுந்தது. "முழுக்கு ஆயிடுச்சா?" என்று அவள் சுற்றும் முற்றும் கேட்டாள்.

இளைஞனுக்கு அப்போதுதான் உறைத்தது. "இந்தாங்க பாட்டி, நான் புடிச்சிருக்கேன், பாருங்க" என்று கைப்பேசியை அவள் முகத்தருகே கொண்டுவந்து, வெயில் படாமல் தன் துண்டினால் மறைத்தும் காட்டினான். அவள் கண்ணை இடுக்கிப் பார்த்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். அதில் தெரிந்தவை அவனுக்கு முன்னால் நின்றவர்களின் கைகளும், அக்கைகளில் இருந்த கைப்பேசிகளுமே. சூலமும் இல்லை, நீரும் இல்லை. "எல்லாம் கையாத்தானே இருக்கு" என்றாள் கிழவி, கோபமின்றி. பிறகு மூட்டையை என் நண்பரிடம் கொடுத்துவிட்டு, கூட்டம் கரையேறிக் கொண்டிருந்த ஆற்றில் தனியே இறங்கி மூழ்கி எழுந்தாள்.

அன்று நான் கவனித்த இன்னொன்று: படம் பிடித்துக்கொண்டிருந்தவர்களுள் ஒருவரும் நனையவில்லை. கைப்பேசியை ஏந்தியவன் எப்படி மூழ்குவான்? ஆயிரக்கணக்கான ரூபாய்ப் பொருள். தண்ணீர் பட்டால் கெட்டுவிடும். எனவே அவன் கரையிலேயே நிற்க வேண்டியவனாகிறான். தீர்த்தவாரிக்கு வந்து, தீர்த்தம் தன்மேல் படாமல் எச்சரிக்கையாய் நின்றுவிட்டுத் திரும்புகிறான். அவன் இழந்தது அவனோடு போகட்டும் என்று விட்டுவிடலாம். அவன் பின்னால் நிற்பவர் இழந்ததை யார் ஈடு செய்வது?

ஆனால் அதே கரையில் வேறொரு பெண்ணையும் கண்டேன். கூட்டத்தின் ஓரத்தில், ஒரு மேட்டின் கீழ், கைப்பேசியை மார்பளவில் பிடித்துக்கொண்டு நின்றாள். ரிஷிவந்தியத்தில் படுக்கையாய்க் கிடக்கும் தன் தாய்க்கு வீடியோவில் காட்டிக்கொண்டிருந்தாள். "தெரியுதாம்மா? இதோ எறங்கறாங்க பாரு" என்று மெல்லச் சொன்னாள். இடையிடையே பின்னால் திரும்பி, "மறைக்குதாங்க?" என்று கேட்டுக்கொண்டாள். யாருக்கும் மறைக்கவில்லை. நடக்க இயலாத ஒருத்தியை ஆற்றங்கரைக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டது அந்தக் கருவி. இதைக் குறை கூற யாரால் முடியும்? இரு கைகளில் இருந்ததும் ஒரே கருவிதான். ஒருத்தி பின்னால் திரும்பிப் பார்த்தாள், மற்றவன் பார்க்கவில்லை.

சட்டம் போட்டுத் தடுக்கலாமே என்பார் உண்டு. போட்டும் பார்த்திருக்கிறார்கள். மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் பக்தர்கள் கைப்பேசி கொண்டு செல்லுதல் 2018ஆம் ஆண்டிலேயே தடுக்கப்பட்டது. திருச்செந்தூர்க் கோயிலைக் குறித்துத் தொடுக்கப்பட்ட வழக்கில், 2022ஆம் ஆண்டு டிசம்பரில், சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தமிழகத்துக் கோயில்கள் அனைத்திலும் கைப்பேசிக்குத் தடை விதிக்குமாறு பணித்தது. 2023 அக்டோபரிலிருந்து பழனி மலைக்கோயிலிலும் தடை நடைமுறைக்கு வந்தது. வாயிலில் பாதுகாப்பு அறை. ஒப்படைத்துச் சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். நன்று. ஆனால் இவையெல்லாம் மதிலும் வாயிலும் உள்ள இடங்களுக்கு ஆகும். அரை மைல் அகல ஆற்று மணலுக்கு வாயில் ஏது? எங்கே பாதுகாப்பு அறை வைப்பது? திறந்த வெளியில் கூடும் திருவிழாவைக் காக்க, பக்கத்தில் நிற்பவரின் பண்பைத் தவிர வேறு காவல் இல்லை. வேளாங்கண்ணிக் கொடியேற்றத்திற்கும் நம் ஊர்த் தேர்பவனிக்கும் இது பொருந்துமென்று சொல்லத் தேவையில்லை.

வாயிலும் காவலும் இருக்கும் இடத்திலும் நிலைமை பெரிதும் வேறன்று. உரோமை நகரத்துப் புனித பேதுரு சதுக்கத்தின் இரு படங்களை நம்மில் பலர் பார்த்திருப்போம். ஒன்று 2005, மற்றொன்று 2013. முன்னதில் தலைகள், பின்னதில் தலைக்கு ஒன்றாய் ஒளிரும் திரைகள். எட்டே ஆண்டுகளில் உலகம் மாறிவிட்டது என்று அப்படங்களை அடுத்தடுத்து வைத்துக் காட்டுவார்கள். நேர்மையாய்ச் சொல்வதானால் அந்த ஒப்பீடு முழுவதும் சரியன்று. முதற்படம் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலின் உடல் பேராலயத்திற்கு எடுத்துச் செல்லப்பட்ட துக்க வேளையில் எடுத்தது. இரண்டாவது திருத்தந்தை பிரான்சிஸ் புதிதாய்த் தேர்ந்தெடுக்கப்பட்டு மாடத்தில் தோன்றிய மகிழ்ச்சி வேளையில் எடுத்தது. சாவு வீட்டில் யார் படம் எடுப்பார், மணவீட்டில்தானே எடுப்பார் என்று அப்போது சொல்லியிருக்கலாம்.

அந்தச் சமாதானமும் நெடுநாள் நிலைக்கவில்லை. திருப்பலியில் குருவானவர் இதயங்களை எழுப்பச் சொல்கிறாரேயன்றிக் கைப்பேசிகளை எழுப்பச் சொல்லவில்லை என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2017ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் பொது மறையுரையில் வருந்திக் கூறினார். விசுவாசிகள் மட்டுமல்லர், குருக்களும் ஆயர்களுங்கூட அவ்வாறு செய்கிறார்கள் என்று சேர்த்துச் சொன்னார்; அந்தப் பகுதியை நம்மவர் அவ்வளவாக எடுத்துச் சொல்வதில்லை. 2025 ஏப்ரல் 21இல் அவர் இறைவனடி சேர்ந்தார். புனித பேதுரு பேராலயத்தில் அவர் உடல் வைக்கப்பட்டிருந்த நாட்களில், திறந்த பேழையருகே சிலர் தம் முகமும் அவர் முகமும் ஒரே படத்தில் விழும்படி எடுத்துக்கொண்டனர். கைப்பேசிகளை உள்ளே வைக்குமாறு பணியாளர் கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று.

எல்லாத் தொல்லையும் அலட்சியத்தால் வருவதன்று. 2012ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் நாள் நியூயார்க் நகரில் மாலர் என்னும் இசைமேதையின் ஒன்பதாவது சிம்பனி நடந்துகொண்டிருந்தது. அதன் முடிவு மிக மெலிந்து, மௌனத்தோடு கலந்துவிடும் தன்மையது. அந்த இடத்தில் முன்வரிசையில் ஒரு கைப்பேசி ஒலிக்கத் தொடங்கி, நிற்காமல் ஒலித்தது. இசைக்குழுவை நடத்திய ஆலன் கில்பர்ட் இசையையே நிறுத்திவிட்டு, அது ஓயும் வரை காத்திருந்தார். உடையவர் பல ஆண்டுகளாய் அந்த அரங்கிற்கு வருபவர், இசையன்பர். அலுவலகத்தில் முந்தின நாள்தான் அவருக்கு அந்தப் புதுக் கைப்பேசியைக் கொடுத்திருந்தார்கள். அழைப்பு மணியை அடக்கியிருந்தார். விழிப்பு மணி தனியே ஒலிக்கும் என்பது அவருக்குத் தெரியாது. ஒலிப்பது தம்முடையது என்பதே அவருக்கு நெடுநேரம் புரியவில்லையாம். நம் கோயிலில் எழுந்தேற்ற வேளையில் பாட்டியின் மடிப்பையிலிருந்து திடீரெனப் பாட்டுக் கிளம்பும்போது, கூட்டம் முழுவதும் திரும்பி முறைக்கிறதே, அப்போதெல்லாம் எனக்கு இந்த நியூயார்க்காரர் நினைவுக்கு வருவார். அந்தப் பாட்டிக்குப் பேரன் வாங்கிக் கொடுத்தது. அணைக்கக் கற்றுக் கொடுக்காமலே ஊருக்குப் போய்விட்டான். பக்கத்தில் இருப்பவர் மெல்ல வாங்கி அணைத்துக் கொடுத்தால் போதும்.

படம் எடுத்தால் நினைவில் நிற்குமே என்பது பலர் கூறும் காரணம். அதையும் ஒருவர் சோதித்துப் பார்த்திருக்கிறார். அமெரிக்காவில் இயேசு சபையார் நிறுவிய ஃபேர்ஃபீல்டு பல்கலைக்கழகத்தின் உளவியல் பேராசிரியை லிண்டா ஹென்கல், மாணவர்களை அங்குள்ள பெல்லார்மின் கலைக்கூடத்திற்கு அழைத்துச் சென்று, சில பொருள்களைப் பார்க்க மட்டும் சொன்னார். சிலவற்றைப் படமெடுக்கச் சொன்னார். மறுநாள் கேட்டபோது, படமெடுத்தவற்றைவிட வெறுமனே பார்த்தவையே அவர்களுக்கு நன்றாக நினைவிருந்தன. ஆராய்ச்சி 2014ஆம் ஆண்டில் அச்சேறியது. அதில் ஒரு நயமும் உண்டு. ஒரு பொருளின் சிறு பகுதியை மட்டும் நெருங்கி நோக்கிப் படமெடுத்தவர்களுக்கு நினைவு குன்றவில்லை. கூர்ந்து நோக்குவதே நினைவைத் தருகிறது போலும். கருவி அதற்கு முழுத் தடையும் அன்று, துணையும் அன்று.

அன்று மாலை மணலூர்பேட்டையிலிருந்து பேருந்தேறித் திருக்கோவலூரில் இறங்கினோம். நண்பர் உலகளந்த பெருமாள் கோயில் கோபுரத்தைக் காட்டி, முதலாழ்வார் மூவர் சந்தித்த கதையைச் சொன்னார். மழை இரவு. ஒரு வீட்டின் இடைகழியில் பொய்கையாழ்வார் ஒதுங்கிப் படுத்திருந்தார். பூதத்தாழ்வார் வந்து இடம் கேட்டார். ஒருவர் படுக்கும் இடத்தில் இருவர் அமரலாம் என்று எழுந்து உட்கார்ந்தார் முன்னவர். பேயாழ்வார் வந்தார், இருவர் அமரும் இடத்தில் மூவர் நிற்கலாம் என்று மூவரும் நின்றனர். பிறகு காணாத நான்காமவர் ஒருவரின் நெருக்கத்தை மூவரும் உணர்ந்தனர் என்பது வைணவ மரபு. நான் கேட்டுக்கொண்டே வந்தேன். எனக்கு அதில் பிடித்தது, யார் வந்தாலும் முன்னிருந்தவர் தம் உடம்பைச் சுருக்கிக்கொண்டது. படுத்தவர் அமர்ந்தார், அமர்ந்தவர் நின்றார். "கையில செல்போன் இருந்திருந்தா மூணாவது ஆளுக்கு எடம் இருந்திருக்காது ஃபாதர்" என்று நண்பர் சிரித்தார்.

இதே மாவட்டத்தில், உளுந்தூர்ப்பேட்டை வட்டத்தில், கூவாகம் இருக்கிறது. சித்திரையில் கூத்தாண்டவர் கோயில் திருவிழாவுக்கு நாடெங்கிலுமிருந்து திருநங்கையர் வருவர். அரவானுக்கு மனைவியராய் ஓர் இரவு தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் தாலியறுத்து, வளையல் உடைத்து, வெள்ளையுடுத்தி அழுவர். அந்த அழுகையில் பாரதக் கதையும் உண்டு, அவரவர் வாழ்க்கையும் உண்டு என்று அறிந்தவர் கூறுவர். அழுகிறவரின் முகத்தை நோக்கிக் கேட்காமலே படக்கருவிகளும் கைப்பேசிகளும் நீளுகின்றன. அங்குச் செல்வோர் பலருக்கு அது வேடிக்கை. அழுகிறவருக்கு அது வேடிக்கையன்று. நாம் அவ்விழாவின் நம்பிக்கையை ஏற்கிறோமா இல்லையா என்பது வேறு. அழும் மனிதரின் அனுமதி வேண்டும் என்பதில் இரண்டு கருத்து இருக்க முடியாது.

தொலைவுக்குப் போவானேன்? நம் ஊர்ச் சாவு வீடுகளுக்கு நான் போகிறேன். பேழையை மூடும் வேளையில், கணவனை இழந்தவள் கடைசியாகக் குனிந்து முத்தமிடும்போது, நாலைந்து கைகள் அவள் தோளுக்கு மேலே நீளுகின்றன. வெளிநாட்டில் இருக்கும் மகனுக்குக் காட்ட ஒரு கை வேண்டும். அதை நான் மறுக்கமாட்டேன், ஒதுங்கி இடமும் கொடுப்பேன். மற்ற நான்கு கைகளும் எதற்கு? அன்று மாலைக்குள் அந்தப் பெண்ணின் அழுகை உறவினர் குழுக்களில் எல்லாம் சுற்றிவிடுகிறது. ஓர் ஆண்டு கழித்து அவளே ஒரு நாள் என்னிடம், "ஃபாதர், நான் அழுவுறத எல்லாரும் பாத்துட்டாங்க" என்று சொன்னாள். வேறொன்றும் சொல்லவில்லை.

பாஸ்கா திருவிழிப்பில் வேறு வகையான இழப்பு நேருகிறது. அவ்விரவில் கோயில் விளக்குகள் அனைத்தையும் அணைக்கிறோம். இருளில் ஒரே திரி உள்ளே வருகிறது. அந்த ஒற்றைச் சுடர் பெரிதாய்த் தெரிய வேண்டுமானால் இருள் முழு இருளாய் இருக்க வேண்டும். ஐம்பது திரைகளின் நீல ஒளி பரவிய கோயிலில் பாஸ்கா திரி எவ்வளவு எளியதாகிவிடுகிறது என்பதைப் பீடத்தருகே நடந்து வருபவனுக்குத்தான் தெரியும். ஒரு சிறுமி தன் தாத்தாவிடம், "எங்க தாத்தா இருட்டு?" என்று கேட்டதை நான் என் காதால் கேட்டேன். தவக்காலத்தில் பாஸ்கா நாடகம் நடத்தும் ஊர்களிலும் இதே குறை. இயேசு சிலுவையோடு விழும் இடத்தில், முன்வரிசைக் குழந்தைகள் மணலில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தால், மாமன்மாரின் முதுகுகளே தெரிகின்றன.

எங்கள் பங்கில் ஓர் ஏற்பாடு செய்து மூன்றாண்டுகள் ஆகின்றன. முதல் நன்மை, திருமணம், தேர்பவனி எதுவாயினும், படமெடுக்க இளைஞர் இருவரைப் பங்குப் பேரவை நியமிக்கிறது. அவர்கள் நிற்கும் இடம் தூணோரம், நடுப்பாதைக்கு வருவதில்லை. எடுத்த படங்கள் அன்றிரவே வாட்ஸ்அப் வழியாக எல்லாக் குடும்பங்களுக்கும் போய்விடும், காசில்லாமல். திருவிழிப்பில் மட்டும் ஒளியேற்றும் சடங்கு முடியும்வரை அவர்களும் எடுப்பதில்லை. தொடக்கத்தில் முணுமுணுப்பு இருந்தது. தாய்மாமன் ஒருவர் சாக்ரீஸ்துக்கே வந்து, "என் தங்கச்சி பொண்ணு நன்மை வாங்கறத நான் எடுக்காம வேற யாரு ஃபாதர் எடுப்பா?" என்று சண்டையிட்டார். நியாயமான கேள்விதான். அந்த ஆண்டு அவரையே இருவருள் ஒருவராக நியமித்துவிட்டேன். முப்பத்திரண்டு பிள்ளைகளையும் எடுத்தார். தங்கை மகளை மட்டும் கண்கலங்கியதால் சரியாக எடுக்கவில்லையாம். இப்போதும் சிலர் ஒளித்து வைத்து எடுக்கத்தான் செய்கிறார்கள். ஒவ்வொரு முறையும் பீடத்திலிருந்து அதட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை; அதட்டுவதும் வழிபாட்டைக் குலைப்பதுதானே.

மணலூர்பேட்டைக்குச் செல்ல விரும்புவோருக்குச் சில குறிப்புகள். தை முதல் நாள் ஜனவரி 14இலோ 15இலோ வருவதற்கேற்ப, தை ஐந்து ஜனவரி 18ஆகவோ 19ஆகவோ அமையும். திருவண்ணாமலையிலிருந்தும் திருக்கோவலூரிலிருந்தும் பேருந்து உண்டு. திருவிழா நாளில் ஊருக்கு வெளியிலேயே இறங்கி நடக்க நேரிடலாம். காலையிலேயே சென்றுவிடுவது நல்லது. செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். மணல் முற்பகலில் இதமாய் இருக்கும், பிற்பகலில் சுடும். பாலத்தின் மேல் நிற்பதைவிட மணலில் இறங்கி ஓரமாய் நிற்பது பாதுகாப்பு. முதியோர் இருந்தால் முன்னால் விடச் சொல்லுங்கள், அவ்வூரார் மறுக்கமாட்டார்கள். திரும்பும்போது சிறுவள்ளிக்கிழங்கு ஒரு கிலோ வாங்கிக்கொள்ள மறவாதீர்கள். மண் போகக் கழுவி, உப்பிட்டு வேகவைத்து, சூட்டோடு தோலுரித்துச் சாப்பிட வேண்டும்.